தகராறு உள்ளவர்கள் மட்டும்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் முறைப்படிதான் செய்வார். பேருந்தை விட்டு இறங்கிய பிறகும் பயணச்சீட்டைக் கிழித்துப் போட மாட்டார். யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று சட்டைப் பையில் பத்திரப்படுத்துவார். சட்டையோடு சேர்ந்து அது துவைபட்டால்தான் அதற்கு விமோசனம். இந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், அவருடைய அக்கா அந்தத் துப்பாக்கியைப் பழந்துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

துப்பாக்கி என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். அது யாருடைய தாத்தா காலத்திலோ செய்த ஒற்றைக்குழல் கைத்துப்பாக்கி. கிடங்கு ஒன்றில் காவல் இருந்த அவர்களுடைய அப்பாவுக்கு முதலாளி கொடுத்தது. விசை அசையாது. தெரிந்தவரையில் அது செய்த ஒரே வேலை, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்ததுதான். ஆனாலும் அப்பா வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். துணியைப் பிடித்துக்கொண்டு எதிரே அக்கா உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கும் மனிதர், அந்தச் சமயத்தில் மட்டும் கொஞ்சம் பேசுவார். கேட்டவள் அவள் ஒருத்திதான். தம்பிக்கு அப்போது தெருவில் வேலை இருந்தது.

அப்பா போனார். பல வருஷம் கழித்து அம்மாவும் போனாள். துப்பாக்கி, தம்பி ஆண்பிள்ளை என்ற ஒரே தகுதியால், கண்ணாடிக்கடைக்காரரின் அலமாரியில் கிடந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தனியாக இருக்கிறாள். ஒருநாள் கடைக்கு வந்து, கண்ணாடியின் காதுப்பக்கம் தளர்ந்துவிட்டது என்று கொடுத்துவிட்டு, "அப்பாவோட துப்பாக்கிய எனக்குக் குடேன்டா" என்றாள்.

"எடுத்துக்கயேன். எனக்கு எதுக்கு அது."

"அப்ப ஒரு துணியில சுத்திக் குடு."

"அதெப்படிக்கா. துப்பாக்கியாச்சே. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா? முறைப்படி உன் பேருக்கு மாத்திடலாம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் ஏதோ ஒரு முறைதான் காரணமாக இருந்திருக்கும்.

பழந்துப்பாக்கி முத்திரை ஆய்வு மற்றும் உரிமைத் தீர்மான நிலையம் என்பது அந்த அலுவலகத்தின் பெயர். சுருக்கமாக முத்திரை ஆபீஸ். பழைய துப்பாக்கி யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால், துப்பாக்கிக் குழலில் செய்தவர்களும் சோதித்தவர்களும் பொறித்த முத்திரைகளைப் படித்து, அது எந்தப் பட்டறையில் பிறந்து யார் யார் கைக்கு வந்தது என்று கண்டுபிடித்துத் தீர்ப்புச் சொல்லும் இடம். வாசலில் 'தகராறு உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரவும்' என்று ஒரு பலகை. அதைக் கண்ணாடிக்கடைக்காரர் படித்தார். மற்றவர்களுக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் துப்பாக்கியை வாங்கிப் பதிந்துகொண்டு, ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார்கள்.

எழுத்தர் தலையைத் தூக்கவில்லை. "யாருக்கும் யாருக்கும் தகராறு?"

"தகராறெல்லாம் இல்லீங்க. இவங்க எங்க அக்கா. அப்பாவோட துப்பாக்கி. இவங்க பேருக்கு மாத்தணும்."

"அவங்க கேக்கறாங்களா?"

"கேக்கறாங்க."

"நீங்க மாட்டேங்கறீங்களா?"

"குடுக்கறேன்னுதாங்க வந்திருக்கேன்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். காலையிலிருந்து வந்தவர்களில் இவர்தான் மோசம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"முத்திரையப் படிக்கணும்னா, பொருள் யாருதுன்னு தெரியாம இருக்கணும். தெரியாம இருக்கணும்னா ரெண்டு பேரும் எனக்குன்னு கேக்கணும். நீங்க இப்படி ஒத்துமையா வந்து நின்னா நாங்க என்னத்தப் படிக்கிறது?"

"அப்ப திருப்பிக் குடுத்துடுங்க. நாங்க போயிடறோம்."

"யாருகிட்ட குடுக்கிறது?"

"என்கிட்டதான்."

"அது உங்களுதுன்னு யார் தீர்ப்புச் சொன்னாங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள். எழுத்தர் இளகிய மனம் படைத்தவர். குரலைத் தணித்துக்கொண்டு, "ஒருத்தர் மேல ஒருத்தர் நாலு வரி எழுதிக் குடுங்க. வந்தவங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. நல்ல குடும்பத்துக்காரங்கதான்" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு. 'என் தம்பி அப்பாவின் துப்பாக்கியைத் தர மறுக்கிறான்' என்று எழுதி நீட்டினாள். எழுத்தருக்குக் காரம் போதவில்லை. 'அபகரித்துக்கொண்டு' என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னார். தம்பி தன் பங்குக்கு, அக்கா பேராசைக்காரி என்று எழுதினார். எழுதும்போது, "பேராசைக்கு எந்த ரா போடணும்க்கா?" என்று அவளிடமே கேட்டுக்கொண்டார். திரும்பும்போது பேருந்தில் அக்கா வழியெல்லாம், "ஏய் அபகரிப்பு, ஜன்னலத் திற" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் விசாரணையில் முத்திரை வல்லுநரைப் பார்த்தார்கள். கையுறை போட்டிருந்தார். துப்பாக்கியைக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி சின்ன மெத்தையில் கிடத்தியிருந்தார்கள். அக்கா ஒரு பக்கத்துப் பெஞ்சில், தம்பி எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில். இடையில் யாரும் தாண்டக் கூடாத ஒரு கயிறு.

குழலின் அடியில் பழைய முத்திரைகள் மூன்று இருந்தன. ஓர் எண், இரண்டு எழுத்து, ஒரு மிருகம். எண்ணிலும் எழுத்திலும் தகராறு இல்லை என்பதால் வல்லுநர் அவற்றில் அக்கறை காட்டவில்லை. மிருகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிங்கம்" என்றார். "ஆனா இங்க எனக்கு முன்னாடி பாத்தவர் நாய்னு எழுதியிருக்கார். நாய்னா ஒரு பட்டறை. சிங்கம்னா வேற பட்டறை. வேற பட்டறைன்னா வேற வியாபாரி, வேற வாரிசு. ஒரு பிடரி மயிர்ல எத்தனை குடும்பம் தொங்குது பாருங்க."

"எங்கப்பா பூனைன்னு சொல்வாருங்க" என்றாள் அக்கா.

வல்லுநர் கண்ணாடியை இறக்கினார். "உங்கப்பா முத்திரையியல் படிச்சவரா?"

"துப்பாக்கி வச்சிருந்தவருங்க."

"வச்சிருக்கறது வேற, தெரிஞ்சிருக்கறது வேற" என்று அவர் எழுந்து நின்றுகொண்டார். "நானும் இத்தன வருஷமா பாக்கறேன். தன் துப்பாக்கியில என்ன முத்திரை இருக்குன்னு சரியாச் சொன்ன சொந்தக்காரன் ஒருத்தன் கிடையாது. அப்ப அவனெல்லாம் எப்படிச் சொந்தக்காரன்? நியாயமாப் பாத்தா இங்க வர்ற துப்பாக்கி எதுவுமே யாருதும் இல்ல. இருந்தாலும் மனிதாபிமானத்துல ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் குடுக்கறோம்."

பிறகு, ஆய்வு நடந்ததற்கு அடையாளமாக, ஒரு சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்து, மிருகத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய முத்திரையை 'டொக்' என்று அடித்தார். நாய் என்று சொன்னவரும் முன்பே ஒன்று அடித்திருந்தார். இது நிலையத்தின் பழைய நடைமுறை. பார்த்தவர் பார்த்ததற்குப் பொருளிலேயே சாட்சி இருக்க வேண்டுமாம். காகிதம் தொலையலாம், இரும்பு தொலையாது என்று எழுத்தர் பெருமையாக விளக்கினார். சுத்தியல் விழுந்தபோது அக்கா, ஊசி போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

மிருகம் யார் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழு கூடியது, படம் வரைந்தது, மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்வந்தது. நாலு கால் பிராணி என்பதில் கருத்து வேறுபாடில்லை என்று இடைக்கால அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் குழலில் ஒரு முத்திரை அடித்தார்கள்.

இதற்கெல்லாம் கண்ணாடிக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். அக்காவும் அவரும் ஒரே பேருந்தில் வருவார்கள், வாசலில் பிரிந்து எதிரெதிர்ப் பெஞ்சில் உட்காருவார்கள், இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே சேர்ந்து சாப்பிடுவார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அம்மா போன பிறகு இருவரும் இத்தனை நேரம் சேர்ந்து இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருநாள் அவர்கள் தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது.

"யார் டப்பா இது?"

"அக்காவோடதுங்க."

"எதிர்த் தரப்போட டப்பாவுல கை வைக்கிறீங்க. ரெண்டு பேரும் சிரிச்சிட்டு வேற இருந்தீங்க. மேலேருந்து பாத்தேன்."

அவர் தகராறுச் சோதகர். வருகிற தகராறுகள் அசலா போலியா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். போலித் தகராறுகள் பெருகிவிட்டனவாம். அன்பாக இருப்பவர்களெல்லாம் சண்டைக்காரர்கள் என்று பொய் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறார்களாம். உண்மையிலேயே வெட்டிக்கொள்கிறவர்கள் வாசலில் காத்துக் கிடக்கிறார்களாம். சொல்லும்போது கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"தகராறு பொய்யின்னு நான் எழுதினா, பொருளை உருக்கிடுவாங்க. சட்டம் அப்படி. அடுத்த விசாரணையில என் முன்னாடி நிரூபிங்க."

அக்கா டப்பாவை மூடினாள். "உருக்கிடுவாங்களாமே" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டபோதுதான், அவளுக்கு அந்தத் துருப்பிடித்த இரும்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு உறைத்தது.

பேருந்தில் ஒத்திகை பார்த்தார்கள். சின்ன வயதில் பென்சில் திருடியது, பொம்மையின் தலையைப் பிய்த்தது, கல்யாணத்தில் சரியாக வரவேற்காதது என்று தேடித் தேடி எடுத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் சமாதானம் செய்ய வந்துவிட்டார். சோதகர் முன்னால் அத்தனையையும் ஒப்பித்தார்கள். அவர் கொட்டாவி விட்டார்.

"இது செல்லச் சண்டை. இதுக்கெல்லாம் துப்பாக்கி தர முடியாது. ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்லையா? இத்தன வருஷத்துல ஒண்ணு கூடவா இல்ல? நல்லா யோசிங்க. இதான் கடைசி வாய்ப்பு."

அக்கா தன் கையைப் பார்த்தாள். பிறகு, தம்பியைப் பார்க்காமலே சொன்னாள்.

"அம்மா என் வீட்ல படுக்கையில கிடந்தப்ப, இவன் வாராவாரம் வருவான். பழம் வாங்கிட்டு வருவான். அம்மாவால முழுங்க முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் பழம்தான் வாங்கிட்டு வருவான். வச்சிட்டுக் கடிகாரத்தப் பாப்பான். அம்மா இவன் கையப் பிடிச்சிக்கும். இவன் மெதுவா விரல ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டு, கடை இருக்கும்மான்னு கிளம்பிடுவான். அப்புறம் ராத்திரி பூரா அம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு இவன் பேரச் சொல்லும்."

சோதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. இது ஒத்திகையில் இல்லை. இதைச் சொல்வாள் என்று அவர் நினைக்கவில்லை. இதைப் பார்த்திருந்தாள் என்றே அவருக்குத் தெரியாது. துப்பாக்கியைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்பதும் புரிந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. அவர் வாய் தானாகத் திறந்தது.

"நீ நர்ஸு. உனக்கு அது பழகின வேலை. ஆஸ்பத்திரியில பாத்ததையே வீட்ல பாத்த. நான் பாத்தது எங்க அம்மாவ."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அப்பாடா" என்றார் சோதகர். அவர் கண்ணில் ஈரம். "இதத்தான் கேட்டேன். இது அசல். என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி." அவர்கள் தகராறு உண்மையானது என்று சான்றிதழ் எழுதி, மகிழ்ச்சியில் தன் முத்திரையையும் துப்பாக்கியில் ஒருமுறை அடித்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால் மற்றவர்கள் ஓடுவார்கள். அந்த நிலையத்தில் பூதத்துக்குத்தான் ரசீது கொடுத்தார்கள்.

அன்று அக்கா வேறு பேருந்தில் போனாள்.

அதன் பிறகு விசாரணைகள் சிறப்பாக நடந்தன. வாய்தாவுக்கு வாய்தா வல்லுநர் இவர்களைக் காட்டி, "பாருங்க, தரப்புன்னா இப்படி இருக்கணும். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கிறாங்களா?" என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் சொன்னார். இடைவேளையில் அக்கா மாடிப்படிக்குக் கீழே தனியாகச் சாப்பிட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் வெளியே ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தார். இரண்டு தடவை போனில் அவள் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். என்னவென்று சொல்வது? சும்மா சொன்னேன் என்றால் அது பொய். நிஜமாகச் சொன்னேன் என்றால் அதுவும் முழு நிஜமில்லை. ஒவ்வொரு இரவும் அவர் விரல்களில், அம்மாவின் விரல்களை எடுத்துவிட்ட ஞாபகம் இருந்துகொண்டேயிருந்தது. அக்காவிடம் அதைச் சொல்லி அழ வேண்டும் என்றிருந்தது. எதிர்த் தரப்பிடம் விசாரணைக்கு வெளியே பேசினால் வழக்குக் கெட்டுவிடும் என்று எழுத்தர் எச்சரித்திருந்தார். அவரோ முறைப்படி நடக்கிற மனிதர்.

கடைசியில் தீர்ப்பு நாள் வந்தது. வல்லுநர் புதுக் கையுறை போட்டிருந்தார். மெத்தையில் கிடந்த துப்பாக்கியின் குழல், பிடி, விசை எங்கும் முத்திரையாக இருந்தது. இரும்புக்கு அம்மை போட்டது போல இருந்தது.

"இந்த வழக்கின் மையக் கேள்வி, மிருகம் நாயா சிங்கமா என்பது" என்று வாசித்தார். "இதைத் தீர்மானிக்க அந்த மிருகத்தை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஆய்வாளர்கள் முத்திரையிட இடம் போதாததால், போன மாதம் குழலின் அந்தப் பகுதி அரம் போட்டுச் சமப்படுத்தப்பட்டுவிட்டது. எனவே தற்போது மிருகம் இல்லை."

"எண்ணும் எழுத்தும்?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அதுவும் அதே பகுதிதான்." காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, வாய்மொழியாகச் சொன்னார். "இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல. வந்தப்ப இதுல இருந்தது மூணே முத்திரை, யார் யாரோ அடிச்சது. இப்ப இருக்கறது பூரா தகுதியுள்ளவங்க அடிச்சது. இத்தன நிச்சயமா ஆய்வு செஞ்ச துப்பாக்கி எங்கயும் கிடையாது. என்ன, யாருதுன்னுதான் தெரியல."

பிறகு தீர்ப்பின் கடைசி வரியை வாசித்தார். முத்திரைகளால் உரிமை புலப்படாத நிலையில், தரப்புகள் தங்களுக்குள் பேசி, யாராவது ஒருவர் எடுத்துச் செல்லலாம்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கோபம் கூட வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. முதல் நாள் அக்கா கேட்ட துணியை விட்டால் இதற்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

"அவங்களே எடுத்துக்கட்டும்" என்றார்.

"எனக்கு வேணாம்" என்றாள் அக்கா. "எங்கப்பா துடைச்சது இது இல்ல. அவரே வச்சிக்கட்டும்."

அவர். பிறந்த நாளிலிருந்து டா போட்டவள். கண்ணாடிக்கடைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் வேணாங்க."

வல்லுநருக்கு முகம் மலர்ந்தது. "ரெண்டு பேரும் வேணாங்கறீங்களா? எனக்கு எனக்குன்னு வர்ற தகராறுதான் இதுவரைக்கும் பாத்திருக்கோம். உனக்கு உனக்குங்கறது புது வகை. மறுப்புத் தகராறு. இதுக்குத் தனிப் பிரிவே ஆரம்பிக்கலாம்." உளியைத் தேட ஆரம்பித்தார்.

எழுத்தருக்குத்தான் மனசு கேட்கவில்லை. கயிற்றின் ஓரமாக வந்து இருவருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "வேணாம்னு சொல்லாதீங்க. மறுபடி முதல்லேருந்து வரணும், வருஷக் கணக்காகும். யாராவது ஒருத்தர் சும்மா எடுத்துட்டுப் போங்க. வெளியே போய்க் குப்பையில கூடப் போடுங்க. இன்னியோட தீந்துடும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் இங்க வரவே வேணாம்."

மெத்தை, இருவருக்கும் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அக்காவின் கையைப் பார்த்தார். அது மடியிலிருந்து அசையவில்லை. அவளும் இவருடைய கையைப் பார்த்தாள். இவர் அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அடுத்த விசாரணை எப்பங்க?" என்று எழுத்தரைக் கேட்டார்.

எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டு தேதி பார்க்கப் போனார். அவர் முதுகைப் பார்த்து அக்கா சொன்னாள்:

"தள்ளிப் போட்டுடாதீங்க. கிட்டத்துல இருக்கற தேதியாப் போடுங்க."